குறிஞ்சி நகர் தெருமுனை

விழுப்புரம்
21-1-85

அன்புள்ள அக்காவுக்கு,

துரைக்கண்ணு எழுதுவது. பொங்கலுக்கு வந்து திரும்பியதிலிருந்து எனக்குச் சளி, இப்போது தேவலை. பாஞ்சாலி சுகமாக இருக்கிறாள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? மாமாவுக்கு அரிசி மில்லில் வேலை ஒழுங்காக இருக்கிறதா?

வீடு கிடைத்துவிட்டது. ஆனால் கிடைப்பதற்குள் பேஜாராகிவிட்டது.

என்னோடு மின்வாரிய ஆபீசில் சேர்ந்தவன் அப்துல் சுக்கூர், கோட்டக்குப்பத்துக்காரன். அவனுக்கும் வீடு வேண்டும். இருவரும் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் தாண்டவராயன் என்ற தரகனிடம் போனோம். அவன் முதலில் சுக்கூரைப் பார்த்தான். "பாய், உங்களுக்கு மசூதித் தெருவுல ஒண்ணு இருக்குது. கறிக்கடை பக்கம், தொழுவப் போறதுக்கும் கிட்ட. தோதா இருக்கும்" என்றான். ஆபீசுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று சுக்கூர் சொன்னதற்கு, "அங்க உங்களுக்குத் தோதுப்படாது பாய்" என்று முடித்துவிட்டான்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஊர் கேட்டான், அப்பா பேர் கேட்டான், அப்பா என்ன செய்தார் என்று கேட்டான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பாக்கலாம் சார். உங்க ஆளுங்க நெறைய இருக்காங்க" என்றான். எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. "நான் யாரையும் ஒதுக்கல சார். அவங்கவங்கள தோதா ஒக்கார வெக்கிறேன். அது ஒரு தப்பா?" என்று சிரித்தான்.

அவனை விட்டுவிட்டேன். மீட்டர் ரீடிங் எடுக்கப் போன இடத்தில் நானே வீடு பார்த்தேன். குறிஞ்சி நகர் என்று புதிதாக உண்டான நகர். அகலமான தார் ரோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் காம்பவுண்டு. வீட்டுக்காரர் அரங்கநாதன், பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் அவர்கள், பின்பக்கத்துப் போர்ஷன் எங்களுக்கு. குழாய், கக்கூஸ், தனி மீட்டர் எல்லாம் உண்டு.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"திண்டிவனத்துக்குக் கிட்ட, பிரம்மதேசம் பக்கங்க."

"பிரம்மதேசமா? பெரிய கோயில் இருக்குற ஊராச்சே. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவா?"

"கொஞ்சம் தள்ளிங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. மற்றதை அவரே முடிவு செய்துகொண்டு சாவியைக் கொடுத்தார்.

அம்மாவிடம் சொல். மாமாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி
துரைக்கண்ணு


திண்டிவனம்
3-2-85

தம்பி துரைக்கண்ணுவுக்கு,

அக்கா அம்சா எழுதுவது. உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சளிக்குக் கற்பூரவல்லியைக் கசக்கிச் சாறு குடிக்கச் சொன்னாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதோடு நடக்கிறாள்.

விழுப்புரம் என்றாலே அம்மாவுக்கு எழுபத்தெட்டில் நம் ஆட்களை வெட்டி எரித்ததுதான் ஞாபகம் வரும். உனக்கு அங்கே வேலை போட்ட அன்று ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. இப்போது தார் ரோடு, குழாய் என்று கேட்டதும் முகம் தெளிந்திருக்கிறது. "கக்கூசு வூட்டுக்குள்ளயேவா?" என்று மறுபடி மறுபடி கேட்டுச் சிரிக்கிறாள். எப்போது கூட்டிப் போவாய் என்று கேட்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அரங்கநாதன் அய்யாவுக்கு நம்மைப் பற்றித் தெரியுமா? "கொஞ்சம் தள்ளி" என்று நீ எழுதியதைப் படித்து உன் மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஞ்சாலி பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள் என்பதை நினைத்துக்கொள்.

அப்பா மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தை நீ கொண்டுபோனாயே, கண்ணாடி உடையாமல் போய்ச் சேர்ந்ததா? எங்கே மாட்டினாய்?

பால்வாடியில் ஆயா வேலை வழக்கம்போல. ஊர்த்தெருப் பிள்ளைகள் என் கையால் சுண்டல் வாங்குகின்றன, கஞ்சி மட்டும் வாங்குவதில்லை. எவன் இதைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தான் என்று தெரியவில்லை.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்சா


விழுப்புரம்
17-3-85

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ரீடிங் வேலை தலைக்கு மேல். எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா?

ஒரு நல்ல செய்தி. பாஞ்சாலி முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கு அம்மா இல்லாத குறையை நீயும் நம் அம்மாவும்தான் தீர்க்க வேண்டும். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. வாந்தி அதிகம், மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

இங்கே எல்லோரும் மரியாதையாகப் பழகுகிறார்கள். வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பாஞ்சாலியைக் கூப்பிட்டுத் தலையில் பூ வைத்து அனுப்புகிறார்கள். மோர்க்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். நாங்கள் கருவாடு சமைப்பதை விட்டுவிட்டோம். சின்னக் காம்பவுண்டு, வாசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாஞ்சாலிக்கும் இப்போது அந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.

படம் பத்திரமாக இருக்கிறது, இன்னும் மாட்டவில்லை. சிமெண்டுச் சுவரில் ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வெயில் ஏறிவிட்டது. இந்த வெயிலில் அம்மாவைப் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம். மழை விழுந்த பிறகு பார்க்கலாம்.

துரைக்கண்ணு


திண்டிவனம்
25-3-85

தம்பிக்கு,

செய்தி கேட்டு வீடே சந்தோஷத்தில் இருக்கிறது. அம்மா அன்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். பாஞ்சாலி வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. காலையில் கேப்பைக் கூழ் கொஞ்சமாவது உள்ளே போகட்டும்.

ஒரு வேடிக்கை. அம்மா செருப்பு வாங்கியிருக்கிறாள். அவள் காலுக்கு இதுதான் முதல் செருப்பு. "எம் புள்ள தார் ரோட்டுல வூடு எடுத்திருக்கான், வெறுங்காலோட போயி நிக்கவா?" என்று சொல்லி உன் மாமாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. சாயங்காலம் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடை பழகுகிறாள். வாத்து மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ ஆணியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அம்சா


விழுப்புரம்
20-4-85

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். பாஞ்சாலிக்கு வாந்தி குறைந்திருக்கிறது. அம்மாவின் செருப்புக் கதையைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள்.

உன் கேள்வியை நான் மறக்கவில்லை. அதற்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மாதம் முழுக்க இந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்குபவன் நான். கதவைத் தட்டியதும் திறக்க வருகிற பெண்ணின் பேரைக் கேட்டாலே அது எந்தத் தெரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு அரிசி வேறு உளுந்து வேறாகப் பிரித்து வைத்த ஊர் இது. எங்கள் சூப்பிரண்டு பெரியசாமி என்ன சொல்கிறார் தெரியுமா? "யாரும் பிரிக்கலய்யா. குருவி கூட அதது கூட்டத்தோடதான் ஒக்காருது. அவங்கவங்க ஆளுங்களோட இருக்குறதுதான் அவங்கவங்களுக்குப் புடிக்குது."

சுக்கூரின் அண்ணன் துபாயிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான். இந்தக் குறிஞ்சி நகரிலேயே ஒரு மனை வாங்கலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். காலியாக முள் முளைத்துக் கிடக்கிற மனை எல்லாம் ஒரே நாளில் விற்றுப்போய்விட்டதாம். மசூதித் தெருவுக்குப் பின்னால் மட்டும் விற்காமல் இருக்கிறதாம். நாளைக்கு அவன் அங்கே வீடு கட்டுவான். அவர்களுக்கு அவர்கள் ஆட்களோடு இருக்கத்தான் பிடிக்கும் என்று பெரியசாமி சொல்லுவார்.

அதனால்தான் நான் இந்த வீட்டை விட மாட்டேன் என்கிறேன். என் பிள்ளை தார் ரோட்டில் பிறக்கட்டும். அது வளர்ந்த பிறகு இவர்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

அம்மா வருவதாக இருந்தால் முன்கூட்டி எழுது. சனிக்கிழமையாகப் பார்த்து வரட்டும். நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன். அம்மாவாக வழி கேட்டுக்கொண்டு வர வேண்டாம். நீயும் கூட வந்தால் நல்லது. உன்னிடம் இருக்கிற அந்தப் பச்சை நூல் புடவையை அம்மாவுக்குக் கட்டிவிடு. தப்பாக நினைக்காதே.

துரைக்கண்ணு


திண்டிவனம்
14-5-85

தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அம்மா வந்து சேர்ந்திருப்பாள். நான் பால்வாடிக்குப் போயிருந்த நேரத்தில் கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மணிதான் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள். சனிக்கிழமை வரட்டும், துரை வந்து கூட்டிப் போவான் என்று நான் நேற்றுச் சொன்னேன். "எம் புள்ள வூட்டுக்குப் போறதுக்கு நான் நாளு பாக்கணுமா? வவுத்துப் புள்ளக்காரி மல்லாட்ட கேக்குறாளாம்" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லிக்கொண்டாள்.

வறுத்த வேர்க்கடலையும் கேப்பை மாவும் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பச்சைப் புடவையைத்தான் கட்டியிருக்கிறாளாம். செருப்பும் போட்டுப் போயிருக்கிறாள்.

கத்திரி வெயில். போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு. பத்து நாளாவது வைத்திருந்து அனுப்பு. அவளுக்கு அந்த ஆசை இருக்கிறது.

அம்சா


விழுப்புரம்
20-5-85

அக்காவுக்கு,

நலம். அம்மா வந்து போனாள். மல்லாட்டை நன்றாக இருந்தது. அம்மா அன்றைக்கே புறப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டதால் பஸ் ஏற்றிவிட்டேன். வேலை அதிகம்.

துரைக்கண்ணு


திண்டிவனம்
2-6-85

தம்பிக்கு,

பாஞ்சாலிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பிள்ளைகளுக்கு அக்கி வந்து இப்போது ஆறிவிட்டது.

பத்து நாள் இருக்கப் போனவள் அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். என்ன என்று கேட்டேன். "பாத்துட்டேன், வந்துட்டேன்" என்றாள். வீடு எப்படி என்று கேட்டேன். "தெரு சுத்தமா இருக்குது." சாப்பிட்டாயா என்று கேட்டேன். "அந்த ஊரு தண்ணி நல்ல தண்ணி."

அன்று கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு பாதமும் கொப்புளம். தார் உருகி ஒட்டி, சதையோடு காய்ந்திருந்தது. விளக்கெண்ணெய் போட்டுத்தான் எடுத்தேன். செருப்பைத் தேடினேன். பைக்குள் இருந்தது, புழுதிகூட அதிகம் படியவில்லை. செருப்பு இருக்கும்போது கால் எப்படி வேகும்?

கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். செருப்பைக் காகிதத்தில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். தினமும் உன்னைப் பற்றிப் பேசுகிறவள் இப்போது உன் பேரை எடுப்பதில்லை. நானாக எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

உன் வீட்டில் என்ன நடந்தது, துரை?

அம்சா


விழுப்புரம்
30-6-85

அன்புள்ள அண்ணிக்கு,

பாஞ்சாலி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் அத்தையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் கால் ஆறிவிட்டதா? நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் அவருக்குப் போட்ட கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதில் எழுதவே இல்லை. அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது நான் எடுத்துப் படித்தேன்.

அன்று உச்சி வெயிலில் நான் கேட்டுக்குப் பக்கத்தில் துணி காயவைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பச்சைப் புடவை தெரிந்தது. அத்தை செருப்புப் போட்டுக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் தெரு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார்கள். இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்தார்கள். கேட்டு, காம்பவுண்டு, வாசலில் பெரிய கோலம். பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணி, யாரும் கழற்றச் சொல்லவில்லை. யாரும் அங்கே இல்லவே இல்லை. ஊரில் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது நம் ஆட்கள் செய்கிறதை, இங்கேயும் கால் தானாகச் செய்துவிட்டது. தார் கொதிக்கிற ரோட்டில், கையில் செருப்போடு, ஓரமாக நடந்து வந்தார்கள்.

வீட்டுக்கார அம்மா மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "இன்னாடி இது, யாரோ காலனி அம்மா செருப்பக் கைல எடுத்துகினு வருது, பாரேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அத்தை கேட்டுக்கு வெளியே நின்றார்கள். "கரண்டு ஆபீசு துரைக்கண்ணு வூடு இதுங்களா தாயி?" என்று கேட்டார்கள். அதே நேரத்தில் அவர் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யாரு தம்பி இது? உங்க வூட்டக் கேக்குது" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்கள்.

அவர் அத்தையைப் பார்த்தார். கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். "ஊர்ல நம்ம நெலத்துல வேல செய்யிறவங்க. மல்லாட்ட குடுத்துட்டுப் போவ வந்திருக்காங்க" என்றார்.

அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாந் தாயி. சின்னய்யாவுக்கு மல்லாட்டன்னா உசுரு, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்கள். பெற்ற பிள்ளையைச் சின்னய்யா என்றார்கள், அண்ணி.

வீட்டுக்கார அம்மா கெட்டவர்கள் இல்லை. "அய்யோ, இந்த வெயில்ல வந்திருக்கியே, இரு" என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அத்தை கையைக் குவித்துக் குனிந்தார்கள். அந்த அம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றினார்கள். அத்தை குடித்தார்கள். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன். நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அத்தை இரண்டு வாய் சோறு சாப்பிட்டார்கள். உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். "கைய வுடு, பாக்குறாங்க" என்றார்கள். அவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், அத்தை பின்னால் போனார்கள். தெருமுனையைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன், செருப்பைப் போடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உங்க ஆளுங்கள நல்லா பழக்கி வெச்சிருக்கீங்க. இந்தக் காலத்துல இப்படி யாரு மரியாத தெரிஞ்சி நடந்துக்கறாங்க."

எனக்கு இந்த வீட்டில் பிள்ளை பெற வேண்டாம். என்னை உங்களிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அத்தையிடம் என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் காலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஞ்சாலி


திண்டிவனம்
7-7-85

துரைக்கண்ணுவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலியை அழைத்துவர உன் மாமா வருகிறார். பிரசவம் இங்கேதான். மாமாவை யார் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று முன்னாடியே யோசித்து வைத்துக்கொள். அவர் செருப்பைக் கழற்ற மாட்டார்.

அம்சா


விழுப்புரம்
8-9-85

அக்காவுக்கு,

பாஞ்சாலி எப்படி இருக்கிறாள்? குழந்தை அசைவு நன்றாக இருக்கிறதா? நாள் நெருங்குகிறது, டாக்டர் என்ன சொல்கிறார்? மாமா வந்து போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எழுதாததற்கு நான் உன்னைக் குறை சொல்ல முடியாது.

ஆணி இறங்கிவிட்டது, அக்கா. போன மாதம் பதினைந்தாம் தேதி கடையில் கான்கிரீட் ஆணி வாங்கி வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தேன். அப்பாவின் அம்பேத்கர் படத்தைக் காம்பவுண்டுக்குள் வருகிற யாருக்கும் தெரிகிற மாதிரி எங்கள் வாசலுக்கு நேராக மாட்டினேன். சுவர் ஒன்றும் அவ்வளவு கெட்டி இல்லை.

அரங்கநாதன் சத்தம் கேட்டு வந்தார். படத்தைப் பார்த்தார். "நல்ல ஃபிரேமு" என்றார். போய்விட்டார். மறுநாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, மெட்ராஸ்லேருந்து மச்சான் மாத்தலாகி வர்றாரு. ஒண்ணாந் தேதிக்கு வீடு வேணுமே" என்றார். திட்டவில்லை. சாதிப் பேரைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். மச்சான் என்று சொல்லும்போது எதைப் பிடிப்பது? அந்த அம்மா அன்றிலிருந்து என் கண்ணில் படவே இல்லை. எங்களுக்கு மோர்க்குழம்பு கொடுத்தனுப்புகிற கிண்ணத்தைத் துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதை யாரும் எடுக்கவில்லை.

அந்த நகரில் வேறு நான்கு வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். "வாடகைக்கு" என்று பலகை தொங்குகிற வீடுகள். எல்லோருக்கும் மச்சான் வருகிறார்.

கடைசியில் தாண்டவராயனிடமே போய் நின்றேன். "அன்னிக்கே சொன்னேனே சார், கேட்டீங்களா? எட்டு மாசத்த வேஸ்ட்டு பண்ணிட்டீங்க. ஜல்தியா வாங்க" என்று அதே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனான். ஓட்டு வீடு, தெருக்குழாய். அங்கே யாரும் என் ஊர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தாலுக்கா ஆபீஸ் டைப்பிஸ்ட் இருக்கிறார். எதிர் வீட்டில் வாத்தியார். அவர் முதலில் மருதூரில் இருந்தாராம், அங்கேயும் ஒரு மச்சான் வந்தாராம். நேற்று பெரியசாமியிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, கடைசில உங்க ஆளுங்களோட போய்ச் சேந்துட்ட. அதான் நிம்மதி" என்றார். குருவியிடம் யாரும் அப்பா பேர் கேட்பதில்லை சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்னும் இருபது வருடம் கழித்து எவனாவது படித்தவன் இந்த ஊருக்கு வந்து, இந்தச் சாதிக்காரர்கள் இந்தப் பக்கம் குடியேறினார்கள் என்று எழுதுவான். குடியேறினோமாம். கதவு கதவாகத் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்து கொட்டியதை எவன் எழுதப் போகிறான்?

அம்மாவை அனுப்பி வை. பத்து நாள் இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்தத் தெருவில் அவள் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நானே வந்து கூட்டி வருகிறேன். எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

துரைக்கண்ணு


திண்டிவனம்
22-9-85

தம்பி துரைக்கண்ணுவுக்கு,

பாஞ்சாலி நன்றாக இருக்கிறாள். அடுத்த மாதம் முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாதான் அவளுக்குத் தலைவாரி விடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள். இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். உனக்கு உடம்பு எப்படி? ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். ஆணி, படம், மச்சான், தரகன், பெரியசாமி, எல்லாம் வந்தது. கோபமாகவும் நன்றாகவும் எழுதியிருக்கிறாய். எல்லாம் உண்மைதான். முடித்த பிறகு அம்மா கேட்டாள்: "அவ்ளோதானா? வேற ஒண்ணும் எழுதலியா?"

அவ்வளவுதான் என்றேன். சரி என்றாள்.

அரங்கநாதன் கேட்காத கேள்விக்கெல்லாம் நீ சுவரில் பதில் மாட்டியிருக்கிறாய். அவர் வீட்டு அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு நீ சொன்ன பதில் இன்னும் அங்கேயே கிடக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று அம்மா பரணில் ஏறச் சொன்னாள். செருப்பை எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்து, வாரைத் துடைத்து, போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தாள். பிறகு உட்கார்ந்து உனக்குச் சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"புது வூட்டுக்கு அப்பறம் வர்றேன்னு எழுது. அது எங்கியும் ஓடிப் போவாது. மொதல்ல அவன் இருந்தான்ல, அந்தத் தெருவுக்கு என்னக் கூட்டிகினு போவச் சொல்லு. முனைலேருந்து அந்தக் கடைசி வரிக்கும் செருப்பப் போட்டுகினு நடப்பேன். ஓரமா இல்ல, நடு ரோட்டுல. அவன் முன்னால சைக்கிளத் தள்ளிகினு போவக் கூடாது. எம் பக்கத்துல வரணும். அந்தம்மா மாடிலேருந்து எறங்கி வந்து யாரு தம்பி இதுன்னு கேக்கும். கேக்காம இருக்காது. கேட்டா அவன் சொல்லட்டும்."

உன் மாமா, அங்கே போய் ஏதாவது வம்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். வந்தால் வரட்டும் என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தடுக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் வருகிறோம். நீ சொன்ன மாதிரியே முன்கூட்டி எழுதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நில். சைக்கிளைக் கொண்டுவராதே.

அக்கா
அம்சா